ஐந்தாவது புள்ளி

காலையில் என் முதல் வேலை
ஒரு எலியின் தலையில் நான்கு புள்ளி வைப்பது.
வெள்ளைப் பெயின்ட், மூன்றே முடி மிஞ்சிய தூரிகை.
தேசிங்கு அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு
"இரு கண்ணு, இரு" என்பார்.
அது இருக்காது.
இருக்க வேண்டாம் என்பதுதான் ஆராய்ச்சியே.

மயக்க ஊசி போட்டால் கல்லாய்க் கிடக்கும்.
படம் சுத்தமாக வரும்,
ஆளில்லாத வீட்டை எடுத்ததுபோல.
எங்களுக்கு ஆள் இருக்கும்போது வேண்டும்.
விளக்கு எரியவேண்டும், குழம்பு கொதிக்கவேண்டும்,
வேர்க்கடலை அளவு மூளைக்குள்
யாரோ நடமாடுவது தெரியவேண்டும்.

அதனால் விழித்தபடியே குழாய்க்குள் விடுகிறோம்.
மேலே இரண்டு கேமரா.
நொடிக்கு முப்பது தடவை புள்ளிகளைப் பார்த்து
ஆறு எண் சொல்லும்:
இடம் வலம், முன் பின், மேல் கீழ்,
பிறகு குனிந்தது, சாய்ந்தது, திரும்பியது.
தலை போன பக்கமெல்லாம் கணக்கும் கூடவே போய்
சிதறிய கதிர்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்து
புறப்பட்ட இடத்தில் விட்டுவிட்டு வரும்.

ஸ்டான்லியில் லாரன்ஸுக்கு ஸ்கேன் எடுத்த அன்று
இப்படி எதுவும் இல்லை.
படகுப் பட்டறையில் விழுந்ததிலிருந்து அவன் தலை
யாருக்கோ மாட்டேன் சொல்வதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது.
நெற்றியில் பட்டை கட்டினார்கள்.
காதோரம் பஞ்சு அடைத்தார்கள்.
"ஆடாம இருய்யா"
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில்.
மூன்று தடவை.
அறிக்கையின் கடைசி வரி: நோயாளி அசைந்துவிட்டார்.
இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்றாள் மாமியார்.

பதினான்காம் எண் எலி
தினமும் மதியம் இரண்டரையை ஒட்டிக் குதித்தது.
மேல் கீழ், கால் மில்லிமீட்டர், நாற்பது விநாடி.
டாக்டர் மெஹருன்னிசா கோட்டைப் பார்த்துவிட்டு
"பயந்த சுபாவம், மாத்திடுங்க" என்றார்.
மாற்றினோம். பதினைந்தும் குதித்தது.
ஒன்றும் சொல்லாமல் தேசிங்கு
முந்தின நாள் செத்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.
அதுவும் குதித்தது.

அப்போதுதான் காதில் விழுந்தது
கொருக்குப்பேட்டை யார்டிலிருந்து
மணலிக்குப் போகும் டேங்கர் வண்டி.
தண்டையார்பேட்டையில் எங்களுடையது பழைய மிளகாய் கோடவுன்,
மழைக்காலத்தில் சுவர் இன்னும் தும்மவைக்கும்.
ஆடியது அதன் இரண்டாம் மாடி, கேமராக் கம்பி.
பழி எலி தலையில்.

பிறந்ததிலிருந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.
சொம்புத் தண்ணீரில் வளையம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.
நானும் ஆடுகிறேன் என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

மேசைமேல் ஒட்டினேன் ஐந்தாவது புள்ளியை.
எலியோடு சேராதது,
பசிக்காதது, எங்கும் போகாதது.
அது ஆடுகிற அளவு வண்டியுடையது. கழி.
செத்த எலிக்குக் கழித்தேன்: பூஜ்யம்.
பதினான்கைத் திரும்பக் கூப்பிட்டோம்.
கழித்தேன்.
பூஜ்யம் வரவில்லை.

நாற்பது விநாடி நடுக்கமும் போய்விட்டது.
அதற்கு முன்னால் ஒரு சின்ன மேடு மட்டும்.
மேசை அதிர்வதற்கு ஒரு விநாடி முன்பே
தலை நூலளவு எழும்பி,
இடப்பக்கம், யார்டு இருக்கிற பக்கம்
திரும்பி நின்றிருக்கிறது.

"வண்டி வர்றத கேக்குதும்மா"
தீவனத்தை அளந்தபடி தேசிங்கு.

கணக்கு அதையும் சரிசெய்துவிடும்.
படத்தில் தலை நேராக, புள்ளி மாறாமல்.
காதுக்கான மூலையில் மட்டும்
ஒரு கடுகு சிவந்திருக்கும்.
குறிப்பேட்டில் எழுதினேன்: எலி அசைந்தது.
அடுத்து ஏதோ எழுத நினைத்து
பேனாவை மூடிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது
லாரன்ஸ் சட்டென்று கையை நிறுத்தினான்.
தலை மட்டும் வழக்கம்போல் இல்லை இல்லை என்றது.
சொம்பில் தண்ணீர் அசையாமல் இருந்தது.
"எடுத்துக் கீழ வை," என்றான்,
"வண்டி வருது."