தெரியாத பைட்

மாங்குளம். மின்சாரம் போய் நாற்பது நிமிடம்;
மடிகணினியில் பதினொரு வீதம்.

நீர்ப்பம்பின் சிப்பிலிருந்து உருவிய எண்களை
என் நிரல் கட்டளைகளாய் வாசிக்கும்:
ஏற்று, கூட்டு, தாவு.
புரியாத பைட் ஒன்று வந்தால்
செத்துவிடும், நேற்றுவரை.
படித்த நாலாயிரம் வரியும் அதோடு.

இன்று மாற்றி எழுதினேன்.
தெரியாததைத் தெரியாது என்றே போடு,
முகவரியோடு. ஊகிக்காதே.
ஒரு பைட் தள்ளித் தொடங்கு.

கண்ணிவெடி வேலை முடிந்து வந்த நந்தமலர்
வாசலில் சப்பாத்தின் புழுதியைத் தட்டுகிறாள்.
"இண்டைக்கு ரெண்டு. இன்னொண்டு
என்னெண்டு விளங்கேல்லை.
சிவப்புத் தடி நட்டுப்போட்டு
அங்கால போனனாங்கள்."

திரையில்
தெரியாது.
தெரியாது.
அடுத்த இரண்டு வரி வெறும் உளறல்.
பிறகு: கூட்டு. ஒப்பிடு. திரும்பு.

ஒன்பது வீதம்.
தேத்தண்ணி வை என்கிறாள்.