இருபது ரூபாய்த் தட்டு

பூவாற்றில் இறக்கிவிடும்போதே படகுக்காரன் சொல்லிவிட்டான்:
இருபது நிமிஷம், ஹாரன் ரெண்டு தடவை,
மூணாவது கிடையாது.

டிக்கெட்டில் தீவு என்றுதான் அச்சடித்திருந்தது.
பொழி முறிந்தால் தீவு.
மணல் மூடிக்கொண்டால் செருப்பைக் கையில் பிடித்து
நடந்தே போய்விடலாம்.
நாங்கள் போன மாதம் தீவு.

நீலத் தார்ப்பாயின் கீழே ஆறு கடை.
என் கையில் பட்டியல்:
நாத்தனாருக்குத் தாழம்பூ ஓலைப் பை,
சின்னவனுக்குச் சிரட்டைக் குரங்கு,
ஹெட்மிஸ்ட்ரஸுக்கு, மலிவு என்று தெரியாத
ஏதாவது ஒரு மலிவு.

அங்கே விலைக்கு மூன்று பாஷை.
வெள்ளைக்காரர் கேட்டால் அறுநூறு,
தமிழில் கேட்டால் முன்னூற்றைம்பது,
மலையாளத்துக்கு இருநூறு.

பஸ் போர்டு பார்த்து மலையாளம் படித்தவள் நான்.
பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை
என்று எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்
எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறேன்.
மூக்கில் கொஞ்சம் காற்றை ஏற்றிக்கொண்டு
பையைத் தூக்கி, "இதெத்ரயா சேட்டா" என்றேன்.
"முன்னூற்றைம்பது அக்கா.
மார்த்தாண்டமா, குழித்துறையா?"
தலை நிமிராமலே கேட்டார் கிளீட்டஸ்.
பின்னால் நின்ற மேபல் டீச்சர் சிரித்த சிரிப்புக்கு
ஒரு மாதம் அவளோடு டீ குடிக்கக் கூடாது.

சிரட்டைக் குரங்கைப் புரட்டிப் பார்த்தேன்.
அடியில் பாதி கிழிந்த ஸ்டிக்கர்: ராஜாக்கமங்கலம்.
என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர்.
டெம்போ ஏறி, பஸ் ஏறி, படகும் ஏறி
என்னைவிட அலைந்து வந்திருக்கிறது.
வந்த வழியே அதைத் திரும்பக் கூட்டிப்போக
நூற்றியிருபது கொடுத்தேன்.

முதல் ஹாரன்.

அப்போதுதான் பார்த்தேன், பலகைக்குக் கீழே அலுமினியத் தட்டு.
ஈரமணலில் குவித்த சிப்பிகள்.
ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருந்தது:
மினிமோள். ஸஜிதா. வர்கீஸ் அண்ட் ஃபேமிலி.
"எழுதச் சொல்லுவாங்க, ஹாரன் அடிச்சதும் ஓடிருவாங்க.
ஓடினவன் சிப்பிக்காகத் திரும்பி வருவானா?
எடுங்க, எது எடுத்தாலும் இருபது."

பேரில்லாத சிப்பி நூற்றைம்பது.
பேர் ஏறிவிட்டால் இருபது.

கைவிட்டுத் துழாவினேன்.
உள்ளங்கை அளவு பால்வெள்ளைச் சிப்பி ஒன்று.
இடப்பக்கம் மலையாளத்தில் ஷிபு.
நடுவில் இதயம்,
அதன் வால் கொஞ்சம் வழுக்கிப் போயிருந்தது.
வலப்பக்கம் வெறுமை.

யாரோ ஒரு ஷிபு தன் பேரை முதலில் சொல்லியிருக்கிறான்.
அவள் பேரைச் சொல்ல வாய் திறப்பதற்குள்
ஹாரன்.
இல்லை, அவள் பேரை எழுதலாமா என்று
அவளிடமே கேட்கத் திரும்பினானோ.
கிளீட்டஸுக்கு ஞாபகமில்லை.
"ஒரு நாளைக்கு நாலு ஷிபு வாறான் அக்கா."

ஊசிமுனை மோட்டாரைக் கையில் எடுத்தார்.
"உங்க பேரச் சொல்லுங்க. ரெண்டே நிமிஷம், காசு வேண்டாம்."

தங்கபுஷ்பம் என்று சொன்னேன்.
சிப்பியைத் திருப்பிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"மூணு எழுத்துக்குத்தான் இடமிருக்கு.
புஷ்பம்னு போடட்டா?"

புஷ்பம் என்று என்னை
கூப்பிட்டவர்கள் யாருமில்லை.
அரை நொடி, ஆமாம் என்று சொல்ல இருந்தேன்.
மோட்டார் அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது ஹாரன்.

இருபதை நீட்டிச் சிப்பியைப் பிடுங்கிக்கொண்டு
மணலில் ஓடினேன்.
பையில் குரங்கு கடகடத்தது.
ஓலைப் பை வாங்கவில்லை.
ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் களியிக்காவிளை ஸ்டாண்டில்
நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி முடித்தேன்.

ராத்திரி, வீட்டுக்காரர் டிவி மேலிருந்து
சிப்பியை எடுத்தார்.
அவரும் பஸ் போர்டு படித்தவர்தான்.
"ஷிபு யாரு?"

"படகைப் பிடிச்ச ஆளு" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
"எழுத்து நல்லாத்தான் வெட்டியிருக்கான்" என்று
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்,
எழுத்தில்லாத பக்கத்தை.