கிலோ முப்பது ரூபாய்

புளியரை சோதனைச்சாவடியில் எனக்கு வேலை
லாரிச் சக்கரங்களுக்கு மருந்தடிப்பது.
கொல்லத்துப் பக்கம் வாத்துகளுக்குக் காய்ச்சல் என்றால்
இரண்டு ஷிப்ட்.
நீல உறை, முகக்கவசம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.
அந்தக் கோலத்தில் என்னைப் பார்க்கிறவர்கள்
வீட்டு பீரோவில் முப்பத்தொரு பெண்கள்
கவுன் போட்டுக் காத்திருப்பதை
நினைத்தும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாரும் மலையேறி வந்தவர்கள்.
வளைகுடாவில் வாங்கப்பட்டு,
புனலூரில் ஒரு பிள்ளை வளர்ந்ததும்
துருப்பிடித்த கட்டிலோடு, உடைந்த மிக்ஸியோடு
ஆரியங்காவு வளைவுகளில் உருண்டு
செங்கோட்டை மைதீன் பிச்சை கடையில் இறங்கியவர்கள்.
"பொம்மையும் பிளாஸ்டிக்தானே அக்கா,
கிலோ முப்பது."
ஒருத்தியைத் தராசில் படுக்க வைத்துவிட்டு
முள் அசைந்ததா என்று இருவரும் குனிந்து பார்ப்போம்.

"கொலுவுக்கா?" என்பாள் எதிர்வீட்டுத் துரைச்சி.
இல்லை.
"அக்கா மகளுக்கா?"
இல்லை.
"பெறவு என்னத்துக்குட்டி?"
பதில் ஒன்று வைத்திருக்கிறேன்.
வெளியே எடுத்தால் சுருங்கிவிடும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் தலை அலசுவேன்.
முதலில் ஷாம்பு, பிறகு கண்டிஷனர்
(என் தலைக்குச் சீயக்காய்தான்).
நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து
ஸ்ட்ரா துண்டுகளில் சுற்றி வெந்நீரில் முக்கினால்
விடிந்ததும் சுருள் சுருளாக அவிழும்.
முழங்காலை மடக்கினால் உள்ளே ஒரு சொடுக்கு.
மூன்று சொடுக்கு மடங்குகிறவள் உசத்தி.
கிழிந்த குடைத்துணியில் ஒருத்திக்கு மழைக்கோட்டு.
கசவு முண்டின் ஓரத்தை வெட்டி
இன்னொருத்திக்கு, கழுத்து வைத்த கோட்டு.

சக்கரத்தை நனைத்துக்கொண்டே நினைப்பேன்:
மழைக்கோட்டுக்காரி இந்நேரம்
கொல்லம் ரயிலில் ஜன்னலோரம்.
பெட்டியில் நாலு உடுப்பு, ஒரு தொப்பி,
திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.
கசவுக்காரிக்கு எர்ணாகுளத்தில் கப்பல் கம்பெனி.
மலையாளத்தில் திட்டுவாள்,
தமிழில் கணக்குப் போடுவாள்.
"ஏம்மா, மருந்து ரோட்டுல போவுது!"
டிரைவர் கத்துவான்.

போன மாதம் வந்தவளுக்கு
பேனாவால் மீசை.
உள்ளங்காலில் மலையாளத்தில் ஒரு பெயர்: லின்ஸி.
பஸ் போர்டு பார்த்துப் பார்த்து நான் கற்ற எழுத்து.
மைக்கறைக்கு முகப்பருக் களிம்பு தடவி
வெயிலில் கிடத்த வேண்டும்.
மருந்துக்கடைப் பையன்
என் நாற்பத்தாறு வயது முகத்தில் பருவைத் தேடினான்.
மொட்டைமாடியில் நாலு நாள். மீசை போயிற்று.
காலைத் திருப்பினால், களிம்பு வழிந்து
பெயரின் பின்பாதியையும் வெயில் தின்றிருந்தது.
லின்.
அதற்கு மேல் தொடவில்லை. அப்படியே கூப்பிடுகிறேன்.
லின்ஸி இப்போது ஷார்ஜாவில்
பதினாறாவது மாடியில் துணி காயப்போடலாம்,
இல்லையென்றால் நேற்று நான் சக்கரம் நனைத்த
வெள்ளைக் காரில் தூங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ஒரே ஒரு குறை.
யாருக்கும் குதிகால் தரையில் படாது.
ஹைஹீல்ஸுக்கென்றே வார்த்த பாதம்,
செருப்பு மட்டும் எந்த லோடிலும் வராது.
முப்பத்தொருவரும் வெறுங்காலில், விரல் நுனியில்,
தடுப்புக் கம்பத்துக்கு அப்பால் என்ன வண்டி என்று
எட்டிப் பார்க்கிற மாதிரி
பீரோவில் சாய்ந்து நிற்கிறார்கள்.

இன்று மத்தியானம்
கையுறையோடு போனை எடுத்தேன்.
"அக்கா, கொட்டாரக்கரை லோடு. பொம்மை ஒண்ணுமில்ல.
ஊறுகா பாட்டில் நெறையச் செருப்பு,
புளியங்கொட்ட கணக்கா. ரோஸு, செவப்பு, தங்கக்கலரு.
தூக்கிப் போட்டுரவா?"

"மைதீனு,
மூடியத் தொடாத."

பின்னால் ஆறு லாரி ஹாரன் அடிக்கிறது.
ஷிப்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம்.
ஜோடி சேர்க்கவே
ராத்திரி முழுக்க வேண்டும்.