ஏழாவது நிமிடம்

முதலில் நிறப்படி பிரிக்கச் சொன்னேன்.
நீல முயல் நீலப் பெட்டியில்,
சிவப்புப் படகு சிவப்பில்.
பிறகு, நிறத்தை மறந்துவிடு, உருவம் பார் என்றேன்.
ஆறு வயது ஸார்யா
ஒரு மூச்சுகூடத் தடுமாறவில்லை.
காலையில் அம்மாவோடு ஸ்லோவேனியனில் பல் துலக்கி
அப்பாவோடு இத்தாலியனில் ஷூ மாட்டி
வந்தவள்.

திரியெஸ்தே, நான்காம் மாடி.
வெளியே போரா காற்று
கொடிக்கம்பத்தில் கயிற்றை அறைந்துகொண்டே இருந்தது.
அவளுக்கு அது கேட்கவில்லை,
எனக்குத்தான் கேட்டது.

அடுத்து ஹெட்ஃபோன்.
இடக் காதில் கதை, வலக் காதில் இரைச்சல்.
கதையை மட்டும் கேள் என்றேன்.
பாதியில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு
கதவுப் பக்கம் தலை சாய்த்து
வாயைப் பொத்திச் சிரித்தாள்.

தாழ்வாரத்தில் துப்புரவுப் பெண்கள் இருவர்
ஏதோ பேசிக்கொண்டு போனார்கள்.
இதே ஊரில் பிறந்து நாற்பத்தொரு வருடமாய்
அந்தப் பேச்சை நான்
மழையைக் கேட்பதுபோல் கேட்டு வருகிறேன்.

படிவத்தில் எழுதினேன்:
ஏழாவது நிமிடம். கவனம் சிதறியது.

என்ன சிரிப்பு?

"லிஃப்ட் நின்னுபோச்சாம்.
உள்ளே ஒருத்தர் கத்துறாராம்,
புள்ளி போட்ட டை கட்டினவர்.
வாளியைக் கழுவிட்டுப் போய்ப் பாக்கலாமாம்."

புள்ளி போட்ட டை
எங்கள் பேராசிரியருடையது.
தேவையில்லாத ஒலிகளைக் குழந்தைகள்
எப்படி ஒதுக்குகிறார்கள் என்று
நான்கு நாடுகளில் பேசியவர்.

எழுந்து ஓடினேன்.
திரும்பி வந்தபோது
மிச்சக் கதையை அவளே ஓடவிட்டு
காலாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளியே வந்துட்டாரா?" என்றாள்,
எனக்குப் புரிகிற மொழியில்.