ஆறு புள்ளி ஒன்பது

பிப்ரவரி. அல்மாட்டி. இரவு இரண்டே கால்.
டிராலிபஸ் நிறுத்தத்தில் பனிமேல் சரிந்து கிடந்தான்.
"குடிதான். கிட்டப் போனாலே அடிக்கிறது" என்றார்
காவலர் யெர்ஸின், கையுறையால் மூக்கைப் பொத்தி.

மண்டியிட்டு முகர்ந்தேன்.
வோட்கா இல்லை.
நவம்பரில் வைக்கோலுக்குள் வைத்து
மறந்துபோன ஆப்பிள்,
ஒரு கன்னம் கனிந்து
மறு கன்னம் அழுகத் தொடங்கிய வாசனை.
ஆப்பிளின் பெயரைச் சுமக்கும் ஊரில்
அதைக் கடந்து இரண்டு பேருந்துகள் போயிருக்கின்றன.

"மூச்சு நன்றாகத்தானே வருகிறது?"
ஆமாம், மிக நன்றாக.
கொல்லன் துருத்தியாக, அடிவயிற்றிலிருந்து,
மலையேறி வந்தவன் மூச்சு,
படுத்த இடத்தில்.

வண்டிக்குள் அவருக்குச் சொன்னேனா
எனக்கே முணுமுணுத்தேனா, நினைவில்லை:
இவன் ரத்தம் முழுக்கச் சர்க்கரை.
உள்ளே அழைத்துப்போக இன்சுலின் இல்லை.
இடுப்பளவு தானியத்தில் நின்றபடி பட்டினி.
பசித்த உடம்பு கொழுப்பைப் பிடுங்கி எரிக்கிறது,
அவசரமாக, புகையப் புகைய.
அந்தப் புகைதான் அமிலம்.
அது கைவிட்டுப் போகும் புரோட்டான்களை
பைகார்பனேட் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது.
வாங்கியதை நீராகவும் வாயுவாகவும் பிரித்துவிட
ஒரு நொதி உண்டு,
நான் "ம்" கொட்டுவதற்குள் லட்சம் முறை பிரிக்கும்,
தான் மட்டும் தேயாது.
வாயுவை வெளியே தள்ளுவது நெஞ்சின் பாடு.

காற்றுக்காக இல்லை இந்த மூச்சு.
ஓட்டைப் படகில் தனியாக உட்கார்ந்து
அமிலத்தை இறைத்துக்கொண்டிருக்கிறான்.

ஆய்வகத்தில் வேரா நோகாய்
காகிதத்தைக் கிழித்து நீட்டினாள்.
ஆறு புள்ளி ஒன்பது.
ஏழு புள்ளி நான்கு இருக்கவேண்டிய இடம்.
அரை எண்தானே என்று தோன்றும்;
இந்த ஏணியில் அரைப்படி சறுக்கினால்
புரோட்டான்கள் மூன்று மடங்கு.
பைகார்பனேட் ஐந்து.
உண்டியலைக் கவிழ்த்தால் விழும் கடைசிச் சில்லறை.

உப்புநீர். இன்சுலின், சொட்டுச் சொட்டாக.
பொட்டாசியம், மறக்காமல்.
பிறகு காத்திருப்பது. அதற்கு மருந்துப் பெயர் எதுவும் இல்லை.

ஆறு மணிக்கு வாசனை மெலிந்தது.
மூச்சு தன் பழைய சோம்பலுக்குத் திரும்பியது.
தில்முராத் என்று அட்டையில் எழுதியிருந்தவன்
கண் திறந்து கேட்டான்:
"மேல்கம்பி கழன்றுவிட்டதா?"
டிராலிபஸ் ஓட்டுநராம்.
மாட்டிவிட்டோம் என்றேன்.

தாழ்வாரத்தில் யெர்ஸின் இன்னும் போகவில்லை.
தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.
"என் மகள். ஒன்பது வயது.
ஒரு மாதமாக ராத்திரி எழுந்து எழுந்து
தண்ணீர் குடிக்கிறாள்.
உப்பு கூடிவிட்டது என்று மனைவியைத் திட்டினேன்."
நிறுத்தினார்.
"நேற்று முத்தமிட்டபோது, அவள் வாயில்..."

நான் அதற்குள்
கோட்டின் ஒரு கையை மாட்டியிருந்தேன்.