பெயர்க் காரணம்

படிவத்தில் அந்தக் கட்டம்
தீப்பெட்டி அகலம்தான்.
ஊர்ப் பெயர்க் காரணம்: ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
வெள்ளிக்கிழமைக்குள் சேலம் போயாக வேண்டும் என்றார் தாசில்தார்.

நாகலூர் தாண்டி மண்பாதையில் இறங்கினேன்.
பலகையில் எங்கட்காடு.
ரேஷன் கடையில் ஏங்காடு.
பள்ளிக்கூடச் சுவரில் எண்கட்டுக்காடு.
ஹெட்மாஸ்டர் திருஞானம்
சாக்பீஸ் தூசியை உதறிவிட்டு விளக்கினார்:
சிற்றரசன் ஒருவன் எட்டு அணை கட்டினானாம்.
"எங்க சார் அந்த அணையெல்லாம்?"
"ஏழு மண்மூடிப் போச்சு."
எட்டாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.

கோயில் கமிட்டிப் பொருளாளர்
ரசீதுப் புத்தகத்தையே நீட்டினார்:
வெங்கட்டுக்காடு.
பெருமாள் பேரின் முதலெழுத்து மட்டும்
மலையேறுகையில் மூச்சு வாங்கி
வழியில் உட்கார்ந்துவிட்டதாம்.

எஸ்டேட் ரைட்டர் இம்மானுவேலுக்கு
எந்தக் கதையும் தேவைப்படவில்லை.
அவர் பேரேட்டில் அது
ஈ.கே. டிவிஷன், நூற்றுப் பன்னிரண்டு ஆள்.

வார்டு மெம்பர் செல்லக்கிளி
தார்ப்பாயில் மிளகு பரப்பிக்கொண்டிருந்தாள்.
"இதுக்கு என்ன சார் காரணம்,
பிரிச்சுச் சொல்லிப் பாருங்க.
எங்கூட்டுக் காடு.
சங்கிலி போட்டு அளக்க வந்தவன்
இது யார் காடுன்னு கேட்டிருக்கான்.
சாமைக்குக் களை எடுத்துக்கிட்டிருந்தவ
நிமிராமச் சொல்லியிருக்கா.
எழுதிக்கிட்டுப் போய்ட்டான்."

ஆவண அறையில் இரண்டு நாள் தும்மினேன்.
பூச்சி தின்றது போக
அந்தப் பக்கம் மிச்சமிருந்தது.
'பெயர்' என்ற பத்தியில்
வால் சுழித்த இங்கிலீஷில் அவள் சொன்ன பதில்.
பக்கத்துப் பத்தி: 'உடையவர்'.
அதில் ஒரு கோடு.

அதே மை. அதே கை.
யாருடையது என்று கேட்டு வாங்கிய பதிலை
என்ன பெயர் என்பதற்கு எதிரே போட்டுவிட்டு
யாருடையது என்பதற்கு எதிரே
கோடு இழுத்திருக்கிறான்.
காது மந்தமா, அவசரமா,
அல்லது இரண்டுமில்லாத ஒன்றா,
எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
கோடு மட்டும் வெகு நேர்.

அந்தக் கோட்டின்மேல்தான் பிற்பாடு
எஸ்டேட் முள்கம்பி ஊன்றினார்கள்,
வனத்துறை கல் நட்டது,
பாக்சைட் லாரி திரும்பியது.
செல்லக்கிளி வீட்டார் பட்டா கேட்டு
பதினோரு மனு போட்டிருக்கிறார்கள்.
'உரிமைக்கு ஆவணம் ஏதும் இல்லை.'
அதில் இரண்டின் கீழ் என் கையெழுத்து.

ஆவணம் பஸ்ஸின் நெற்றியில் போய்வருகிறது.
தபால் முத்திரையில், வங்கிப் புத்தகத்தில்,
குழந்தைகளின் ஆதாரில்
தேய்ந்து, திரிந்து, இன்னும் அதையே சொல்கிறது.

ஒன்றைக் கவனித்தேன்.
'நம்மூட்டு' என்று அவள் சொல்லவில்லை.
கேட்டவனையும் சேர்த்துக்கொள்ள
தமிழில் ஒரு சொல் இருந்தது.
கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
அதை அவள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை
நாற்பத்து மூன்று சொல்லில் எழுதி வைத்தேன்.
தாசில்தார் இரண்டு தடவை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அந்த எட்டு அணை
நல்லா இருக்கே" என்றார்.

மறுவாரம் வேறு வேலையாக அதே பஸ்.
"எங்க?" என்றார் கண்டக்டர்.
சரியான பெயர் நாக்கு வரை வந்துவிட்டது.
அம்மாபேட்டைக்காரன் நான்,
அதை எந்த வாயால் சொல்வது?
எப்படி உச்சரித்தாலும் பொய்யாகிவிடுகிற
ஊர்ப் பெயரை
அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

"எங்கட்டா?" அவரே கேட்டார்.
தலையாட்டினேன்.
பின்சீட்டில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி
முழுசாகச் சொன்னாள், அவசரமில்லாமல்,
வீட்டுக் கதவைத் தள்ளுகிற மாதிரி.
அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு.
எனக்குப் பதினேழு ரூபாய்.