கோணல் பந்து நான்கு

இருப்புப் பதிவேட்டில் எழுத்தர் எழுதினார்:
கோணல் பந்து – நான்கு.
உடற்கல்வி ஆசிரியர் பணியிடம்
இரண்டு வருடமாகக் காலி.
கணக்கு டீச்சர் நான் கையெழுத்துப் போட்டேன்.

கொண்டுவந்தவர்கள் இரண்டு நாள் இருந்தார்கள்.
ஒரு விசில், பன்னிரண்டு பச்சைக் கூம்புகள்,
விதிகள் அச்சடித்த ஒற்றைத் தாள்.
மூன்றாம் நாள் வேறு மாவட்டம் போய்விட்டார்கள்.

எட்டாம் வகுப்பு பி பிரிவு
பந்தைச் சுற்றிக் குந்தியது.
"பஸ் ஏறிடுச்சா டீச்சர் இது மேல?"
"பப்பாளிடீ."
"கீழ விட்டா எந்தப் பக்கம் போவும்?"
விட்டுப் பார்த்தோம்.
துரத்திய நாய்
பாதி வழியில் நின்று எங்களைப் பார்த்தது.
எனக்குத் தெரிந்த எந்தச் சூத்திரத்துக்கும்
அது மடங்கவில்லை.

மடக்கிப் பிடிப்பது கபடியில் இருந்தே வந்தது.
தோளைக் கொடு, தலையை ஒதுக்கு, இடுப்புக்குக் கீழே போ:
ஜெரால்டின் விளக்கினாள்,
வகுப்புத் தலைவியின் மேல் படுத்தபடியே.

பந்தை அணைத்து ஓடுவது
முபஷிராவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
ஒரு கையில் தம்பி, மறு கையில் குடம்,
தண்ணி லாரி சத்தம் கேட்டால்
காசிமேட்டுச் சந்தில் அவளை யார் பிடிப்பது?
"இது அழாது" என்றாள்.
"உதைக்கவும் உதைக்காது."

இடறியது ஒரே விதிதான்.
முன்னால் ஓடலாம்,
கையால் முன்னால் எறியக் கூடாது.
பந்து எப்போதும் பின்னால் வருபவளுக்கு.
"அப்புறம் எப்படி டீச்சர் முன்னுக்கு வர்றது?"
தாளைத் திருப்பினேன். வெள்ளை.

கடைசி பெஞ்சு பொற்கொடி,
வருகைப்பதிவுக்குக்கூட வாய் திறக்காதவள்,
"டிக்கெட் பாஸ் பண்ற மாதிரி டீச்சர்" என்றாள்.

ஆமாம்.
திரும்பிப் பார்க்க இடமில்லாத நெரிசல்.
கை மட்டும் பின்னால் நீளும்.
ஒரு ராயபுரம், அப்படியே பின்னாடி குடுங்க.
வாங்கியது யார் விரல் என்று தெரியாது.
டிக்கெட் போய்ச் சேர்ந்துவிடும், சில்லறையும்.
வண்டி தன்பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

அன்று சாயங்காலம் மைதானம் முழுக்க
"ஒரு ராயபுரம்!"
"ரெண்டு மூலக்கொத்தளம்!"
"சில்லறையா குடுடீ!"

ஜனவரியில் ஒரே ஒரு போட்டி.
அவர்கள் காலில் முள் வைத்த பூட்ஸ்.
எங்களில் ஐந்து பேருக்கு ஷூவே இல்லை.
நாற்பதுக்கு ஐந்து.

அந்த ஐந்தைச் சொல்லிவிடுகிறேன்.
ஐந்து பெண்கள், ஐந்து ஊர்ப்பெயர்,
கடைசியில் முபஷிரா.
கோட்டைத் தாண்டியும் அவள் பந்தை வீசவில்லை.
குனிந்து, இரண்டு கையாலும்,
தூங்குகிறவனை இறக்குவதுபோலத் தரையில் வைத்தாள்.
எதிரணியின் பயிற்சியாளர் எங்களிடம் கேட்டார்,
ராயபுரம் என்பது என்ன வியூகம்?

மார்ச் கடைசியில் எழுத்தர் எண்ணினார்.
மூன்று.
"ஒண்ணு எங்க டீச்சர்?"
எனக்குத் தெரியும் அது எந்தச் சந்தில்,
எந்த வீட்டுத் தூளிக்கு அடியில் கிடக்கிறது என்று.

பின்னாடி குடுத்திருக்கேன் சார், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
'காணவில்லை' என்று எழுதி
என் பக்கம் நகர்த்தினார்.